மீச்சிறு அயனி மண்டலங்களின் ஆயுட்காலச் சிக்கல்: பெருநிறை விண்மீன் பிறப்பிடங்களில் ரேடியோ அலை நோக்காய்வுகள்

ஆய்வுச் சுருக்கம்

சூரியனைப் போல் எட்டு மடங்குக்கும் மேற்பட்ட நிறையுடைய விண்மீன்கள் அடர்ந்த தூசு முகில்களுக்குள் பிறக்கின்றன. அப்பிறப்பிடங்களை ஊடுருவிக் காண ரேடியோ அலைகள் பெரிதும் துணைபுரிகின்றன. புதிதாய்ப் பிறந்த பெருநிறை விண்மீன்களைச் சூழ்ந்த அயனி மண்டலங்களின் எண்ணிக்கை அவற்றுக்குக் கணிக்கப்பட்ட ஆயுளோடு பொருந்தவில்லை என்பதை 1989ஆம் ஆண்டு வெளியான அளவாய்வு காட்டியது. அம்முரண்பாடு எழுந்த விதத்தையும், அதற்குக் கூறப்பட்ட விளக்கங்களையும், நோக்கும் கருவியின் இயல்பு அதில் பெறும் பங்கையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பெருநிறை விண்மீன், அயனி ஹைட்ரஜன் மண்டலம், குறுக்கீட்டுமானி, மறுசேர்க்கை வரி, உதகை ரேடியோ தொலைநோக்கி.

முன்னுரை

சூரியனை ஒத்த விண்மீன்கள் பிறக்கும் முறை ஓரளவு தெளிவாக அறியப்பட்டுள்ளது. முகிலின் ஒரு பகுதி தன் ஈர்ப்பினாலேயே சுருங்குகிறது. நடுவில் கரு உருவாகிறது. அதைச் சுற்றித் தட்டு அமைகிறது. தட்டின் வழியாகப் பொருள் உள்ளே சேர்கிறது. பொருள் சேர்ந்து முடிந்த பின்னரே கருவினுள் ஹைட்ரஜன் எரிதல் தொடங்குகிறது. பெருநிறை விண்மீனில் இவ்வரிசை குலைகிறது. அதன் கரு மிக விரைவாகச் சுருங்குவதால், பொருள் வந்து சேர்ந்துகொண்டிருக்கும்போதே ஹைட்ரஜன் எரியத் தொடங்கிவிடுகிறது. அதாவது, விண்மீன் வளர்ந்து முடியும் முன்னரே ஒளிரத் தொடங்குகிறது. அவ்வொளியே தன்னை நோக்கி வரும் பொருளை வெளியே தள்ளவும் கூடும். அவ்வாறாயின் இருபது, முப்பது சூரிய நிறை வரை அது எவ்வாறு வளர்கிறது என்பதே இத்துறையின் அடிப்படை வினா. கீழே பேசப்படும் ஆயுட்காலச் சிக்கல் இவ்வினாவின் ஒரு கிளையாகும்.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு தேவைப்படுகிறது. தமிழில் ‘வானொலி வானியல்’ என்னும் தொடர் வழக்கில் உண்டு. எனினும் ஒலி என்னும் சொல், விண்ணிலிருந்து ஓசை கேட்கிறது என்ற தவறான எண்ணத்தைத் தருகிறது. இங்கு ஆராயப்படுவது மின்காந்த அலையே ஆதலின் ‘ரேடியோ அலை’ என்ற வழக்கே இக்கட்டுரையில் கையாளப்படுகிறது.

அயனி மண்டலமும் அதன் ரேடியோ ஒளியும்

91.2 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுடைய புறஊதாக் கதிர் ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்துவிடும். பெருநிறை விண்மீன்கள் இத்தகைய கதிரை மிகுதியாக வெளிவிடுவதால், அவற்றைச் சூழ்ந்த வளிமம் ஏறத்தாழ 10,000 கெல்வின் வெப்பநிலையுடைய அயனி மண்டலமாகிறது. அதன் எல்லை எங்கே அமையும் என்பதை பெங்ட் ஸ்ட்ரோம்கிரென் 1939இல் கணித்தார். விண்மீன் ஒரு நொடியில் வெளிவிடும் அயனியாக்கும் ஒளித்துகள்களின் எண்ணிக்கையும், மண்டலத்தினுள் எலக்ட்ரான்கள் மீண்டும் புரோட்டான்களோடு சேரும் எண்ணிக்கையும் சமமாகும் இடமே அவ்வெல்லை.

இம்மண்டலத்தினுள் கட்டற்றுத் திரியும் எலக்ட்ரான் ஒரு புரோட்டானின் அருகே செல்லும்போது பாதை வளைகிறது. அப்போது ரேடியோ அலை வெளிப்படுகிறது. கண்ணுறு ஒளியை முற்றிலும் மறைக்கும் தூசு, சென்டிமீட்டர் அலைகளை மறைப்பதில்லை. ஆனால் அயனி வளிமமே சில அலைகளைத் தானே உட்கொண்டுவிடும். மண்டலம் எவ்வளவு செறிவானதோ, அவ்வளவு உயர்ந்த அதிர்வெண் வரை அது ஒளிபுகாத் தன்மை கொண்டிருக்கும். அந்நிலையில் அதன் ஒளிப்பாயம் அதிர்வெண்ணின் இருமடிக்கேற்ப ஏறும். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேல் அது தெளிந்து, ஒளிப்பாயம் ஏறக்குறைய மாறாமல் நிற்கும். ஆகவே செறிந்த இளம் மண்டலங்களைக் காண உயர் அதிர்வெண்ணும், செறிவு குறைந்து பரந்த வளிமத்தைக் காணத் தாழ் அதிர்வெண்ணும் ஏற்றவை. எந்த அதிர்வெண்ணில் நோக்குகிறோமோ அதற்கேற்ற வளிமமே கண்ணில் படும் என்பதை இங்கேயே நினைவில் கொள்ளுதல் நன்று.

1989ஆம் ஆண்டின் எண்ணிக்கை

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள மிகப்பெரு அணிவரிசைத் தொலைநோக்கி, 25 மீட்டர் விட்டமுடைய 27 அலைவாங்கித் தட்டுகளை ஆங்கில எழுத்து ‘ஒய்’ வடிவில் நிறுத்தி அமைக்கப்பட்டது. அதனைக் கொண்டு டக்ளஸ் வுட், எட் சர்ச்வெல் ஆகிய இருவரும் 2 செ.மீ., 6 செ.மீ. அலைநீளங்களில் 75 மண்டலங்களை 0.4 வில்நொடி நுட்பத்தில் நோக்கி, முடிவுகளை 1989இல் வெளியிட்டனர். இவை 0.1 பார்செக்கிற்கும் குறைந்த விட்டமும், ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட எலக்ட்ரான் செறிவும் உடையவை. இவற்றையே இக்கட்டுரை ‘மீச்சிறு அயனி மண்டலம்’ என்கிறது. இவற்றுள் 20 விழுக்காடு வால்விண்மீனைப் போல் ஒருபுறம் கூர்மையும் மறுபுறம் மங்கலான வாலும் கொண்டிருந்தன. 43 விழுக்காடு கோள வடிவினவாகவோ வடிவம் பிரித்தறிய இயலாதனவாகவோ இருந்தன.

சிக்கல் வடிவத்தில் எழவில்லை, எண்ணிக்கையில் எழுந்தது. சூடான அயனி வளிமத்தின் அழுத்தம் சுற்றியுள்ள குளிர்ந்த முகிலினதைவிடப் பன்மடங்கு மிகுதியாதலின் மண்டலம் விரிய வேண்டும். அயனி வளிமத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 10 கி.மீ. இவ்வேகத்தில் 0.1 பார்செக் தொலைவைக் கடக்க வேண்டிய காலம் சுமார் 10,000 ஆண்டுகளே. அகச்சிவப்பு வானாய்வுக் கலமான ஐராசின் அட்டவணையில் இதே நிறப்பண்பு கொண்ட சுமார் 1,600 மூலங்களை அவ்விருவரும் இனங்கண்டனர். அவற்றைக் கண்ணுக்குப் புலனாகும் ‘ஓ’ வகை விண்மீன்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டபோது, அவ்வகை விண்மீன்களில் 10 முதல் 20 விழுக்காடு வரை இன்னும் முகிலுக்குள்ளேயே புதைந்திருக்க வேண்டும் என்ற முடிவு கிடைத்தது. சில மில்லியன் ஆண்டுகள் வாழும் விண்மீன் தன் வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கைப் புதைந்த நிலையில் கழிக்கிறது என்றால், அந்நிலையின் காலம் சில இலட்சம் ஆண்டுகளாகும். இயக்கக் கணக்கு தருவதோ பத்தாயிரம் ஆண்டுகள். இரண்டுக்கும் இடையே பத்து மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு நிற்கிறது.

விரிவு என்பது வெறும் கணக்கு அன்று என்பதும் பின்னர் உறுதியாயிற்று. ஏறத்தாழ 2,000 பார்செக் தொலைவிலுள்ள டபிள்யூ3 ஓஎச் என்னும் மண்டலத்தைப் பல ஆண்டு இடைவெளியில் மீண்டும் நோக்கியவர்கள், அது நொடிக்கு 3 முதல் 5 கி.மீ. வேகத்தில் விரிந்துவருவதை நேரடியாக அளந்தனர். ஆகவே மண்டலங்கள் விரிவதே இல்லை என்று கூறித் தப்ப இயலாது.

முன்வைக்கப்பட்ட விளக்கங்கள்

வால்விண்மீன் வடிவம் முதல் விளக்கத்தைத் தூண்டியது. விண்மீன் முகிலினூடே விரைந்து செல்லுமாயின் அதன் முன்புறத்தில் படகின் முன்னலை போன்ற அதிர்ச்சியலை அமையும். எதிர்ப்படும் முகிலின் அழுத்தம் மண்டலத்தை விரியவிடாது. வடிவத்தை இது அழகாக விளக்குகிறது. ஆயினும் ஐந்தில் ஒரு பங்கு மண்டலங்களே அவ்வடிவினவாதலின், எண்ணிக்கைச் சிக்கல் முழுவதையும் இதன் மேல் ஏற்றுவது பொருந்தாது. முகிலின் உயர்ந்த அழுத்தமே மண்டலத்தை அடக்கிவைக்கிறது என்பது மற்றொரு விளக்கம். விண்மீனைச் சுற்றியுள்ள தட்டு புறஊதாக் கதிரால் ஆவியாகி, வெளியேறும் அயனி வளிமத்தை இடைவிடாது நிரப்புகிறது என்றும் 1994இல் ஒரு குழுவினர் கூறினர்.

இவற்றைவிடக் கூர்மையானது எரிக் கீட்டோவின் கருத்து. விண்மீனுக்கு மிக அருகில் விடுபடு வேகம் ஒலிவேகத்தை விஞ்சுவதால், அங்குள்ள அயனி வளிமம் விரிய முடியாமல் ஈர்ப்பினுள் சிக்கிக்கொள்ளும். அயனியான பின்னரும் பொருள் உள்ளே விழுந்துகொண்டேயிருக்கலாம். ஜி10.6–0.4 என்னும் மண்டலத்தில் ஹைட்ரஜன் 66 ஆல்ஃபா மறுசேர்க்கை வரியை நோக்கிய அவர், அயனி வளிமம் உள்நோக்கிப் பாய்வதற்கான சான்றை 2002இல் வெளியிட்டார். விண்மீனின் ஒளி வளர்ச்சியை உடனே நிறுத்திவிடுவதில்லை என்பதற்கு இது வலுவான ஆதரவாகும். முன்னுரையில் எழுந்த அடிப்படை வினாவோடு ஆயுட்காலச் சிக்கல் இணையும் இடமும் இதுவே.

கருவி காணாத பகுதி

மேற்கண்ட விளக்கங்கள் அனைத்தும் மண்டலம் உண்மையிலேயே சிறியது என்று கொள்கின்றன. அது சரிதானா?

குறுக்கீட்டுமானி, இரண்டிரண்டு தட்டுகளுக்கு இடைப்பட்ட தொலைவைக் கொண்டு வானத்தை அளக்கிறது. தட்டுகள் விலகி நின்றால் நுட்பம் மிகும். ஆனால் பரந்து கிடக்கும் ஒளி பதிவாகாது போய்விடும். சிறு மீனைப் பிடித்துப் பெருமீனை நழுவவிடும் வலை என்று இதனைக் கருதலாம். 1989 ஆய்வில் 10 வில்நொடிக்கு மேற்பட்டுப் பரந்த அமைப்புகள் பெரிதும் பதிவாகவில்லை. 5,000 பார்செக் தொலைவில் இது கால் பார்செக் அளவே. சிறியவற்றைத் தேடிச் சென்ற ஆய்வுக்கு இது குறையன்று. ஆனால் அதன் படங்களிலிருந்து ஆயுளைக் கணிக்கும்போது இவ்வெல்லை மறக்கப்படக்கூடாது.

1999இல் ஸ்டான் கர்ட்ஸும் உடனாய்வாளர்களும் தட்டுகளை நெருக்கமாக நிறுத்தி மீச்சிறு மண்டலங்கள் சிலவற்றை மீண்டும் நோக்கினர். பலவற்றைச் சூழ்ந்து பரந்த அயனி ஒளி தென்பட்டது. 2001இல் தென்கொரிய ஆய்வாளர் இருவரும் அவ்வாறே கண்டனர். இப்பரந்த ஒளி உள்ளிருக்கும் சிறு மண்டலத்தோடு தொடர்புடையதாயின் கணக்கு அடியோடு மாறிவிடும். மேற்சொன்ன அதே வேகத்தில் 5 பார்செக் விரிய 5 இலட்சம் ஆண்டுகள் வேண்டும். முரண்பாட்டின் ஒரு பகுதியேனும் வானத்தில் இல்லை, வலையின் கண்ணளவில் இருந்தது என்றே கருத வேண்டியுள்ளது. எனினும் தொடர்பு என்பதை ஒவ்வொரு மண்டலத்திலும் தனித்தனியே நிறுவ வேண்டும். ஒரே திசையில் தெரிவதாலேயே இரண்டும் ஒன்றாகிவிடா. அருகிலுள்ள வேறொரு விண்மீன் அப்பரந்த வளிமத்தை அயனியாக்கியிருக்கலாம்.

தாழ் அதிர்வெண்ணில் இத்தகைய பரந்த வளிமத்தை முன்னரே தேடியது உதகைத் தொலைநோக்கி. நீலகிரியில் முத்தோரை அருகே கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் அமைக்கப்பட்டு 1970இல் நிறைவுற்ற இக்கருவி, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. அவ்விடத்தின் அகலக்கோட்டுக்கு இணையாக ஏறத்தாழ 11 பாகை சரிந்த மலைச்சரிவில் அது அமைந்திருப்பதால், அதன் நெடுக்கச்சு புவியின் அச்சுக்கு இணையாகிறது. ஒரே அச்சில் திருப்பி ஒரு விண்பொருளைப் பல மணிநேரம் தொடரலாம். 1980களில் கே. ஆர். அனந்தராமையா இதனைக் கொண்டு 325 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஹைட்ரஜன் 272 ஆல்ஃபா வரியைப் பால்வழித் தளத்தின் பல திசைகளில் பதிவுசெய்தார். வரி உருவாகும் வளிமத்தின் எலக்ட்ரான் செறிவு ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்தும் அதற்குக் குறைவும் என்றும், அது இயல்பான அயனி மண்டலங்களின் புற உறைகளிலிருந்து வருவது என்றும் அவர் முடிவுகண்டார். பின்னர் அனீஷ் ரோஷியுடன் இணைந்து இவ்வாய்வு விரிவாக்கப்பட்டது. கர்ட்ஸ் கண்ட பரந்த ஒளியும் உதகை கண்ட உறையும் செறிவாலும் பரப்பாலும் வேறுபடுவன. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழை. ஆனால் பெருநிறை விண்மீனின் ஒளி, செறிந்த கருப்பகுதியைக் கடந்து நெடுந்தொலைவு கசிகிறது என்பதை உதகை நோக்காய்வுகள் தெளிவாக்கின.

மினுங்கும் மண்டலங்கள்

2010இல் தாமஸ் பீட்டர்ஸ் குழுவினரின் கணினி உருவகம் வேறொரு வழியைத் திறந்தது. உள்ளே விழும் வளிமம் சீராக வருவதில்லை. திரள்களாகவும் இழைகளாகவும் வருகிறது. ஒரு திரள் விண்மீனை நெருங்கும்போது புறஊதாக் கதிர் மறிக்கப்பட்டு மண்டலம் சுருங்கும். திரள் விலகியதும் மீண்டும் விரியும். இவ்வாறாயின் சிறிய மண்டலம் இளமையானது என்ற கருத்தே நிலைகுலைகிறது. பொருள் சேரும் காலம் முழுவதும் அது சுருங்கியும் விரிந்தும் மீச்சிறு நிலையிலேயே நீடிக்கலாம். இம்மாற்றங்கள் சில பத்தாண்டுகள் முதல் சில நூற்றாண்டுகள் வரையிலான கால அளவில் நிகழும் என உருவகம் கூறியது. இதில் முந்தையது மனித வாழ்நாளுக்குள் அடங்குவதால் சோதனை கைகூடியது.

பால்வழி மையத்திற்கு அருகிலுள்ள தனுசு பி2 முகில் 1989இல் 1.3 செ.மீ. அலைநீளத்தில் படமாக்கப்பட்டிருந்தது. கிறிஸ்டோபர் டி பிரீயும் உடனாய்வாளர்களும் 2012இல் அதே அலைநீளத்தில், 0.25 வில்நொடி நுட்பத்தில் அதனை மீண்டும் நோக்கி, முடிவை 2014இல் வெளியிட்டனர். 41 மீச்சிறு மண்டலங்களுள் நான்கின் உச்ச ஒளிப்பாயம் குறிப்பிடத்தக்க அளவு மாறியிருந்தது. எஃப்1, எஃப்3, எஃப்10.303 ஆகிய மூன்றும் ஒளி கூடியிருந்தன, கே3 மங்கியிருந்தது. ஒளி கூடுவதை வழக்கமான விரிவைக் கொண்டும் விளக்கலாம். மங்குதலை அவ்வாறு விளக்குவது கடினம். ஆதலின் எண்ணிக்கையில் ஒன்றேயாயினும் கே3யே இங்கு முதன்மையான சான்று.

ஆயினும் இரண்டு காலப் புள்ளிகளைக் கொண்டு மினுக்கத்தின் கால அளவை வரைய இயலாது. கே3 மேலும் மங்குமா, மீண்டும் ஒளிருமா என்பதை அறிய மூன்றாவது நோக்காய்வு வேண்டும். அந்நோக்காய்வு அதே அலைநீளத்தில், தட்டுகளின் அதே இடைவெளியில் அமைதல் வேண்டும். இல்லையேல் விண்மீனின் மாற்றத்தையும் வலையின் மாற்றத்தையும் வேறு பிரித்தறிய முடியாமல் போகும்.