ஒரே சட்டகத்தில் பலமுறை பதியும் காடு

காட்டுக்குள் முன்னும் பின்னுமாக நிற்கும் கிளைகளை இரு கண்களும் ஆழமறிந்து பிரித்துக் காண, ஒளிப்படத்திலோ அவையனைத்தும் ஒரே தளத்தில் சிக்குண்டு கிடக்கின்றன. அந்தச் சிக்கலை விலக்காமல் அதையே படத்தின் அழகாக்கிக்கொள்ளும் உத்தி மல்டிபிள் எக்ஸ்போஷர், அதாவது ஒரே சட்டகத்தில் இருமுறையோ பலமுறையோ ஒளியை விழச்செய்து காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியவைப்பது.

ஃபிலிமில் விழும் ஒளி முறைக்குமுறை கூடிக்கொண்டே போவதால், ஒவ்வொரு பதிவுக்கும் ஒளியைக் குறைத்தே தரவேண்டும். ஒளியளவு பாதியாவதை ஒரு ஸ்டாப் குறைவது என்பர். இரண்டு பதிவுகளுக்கு ஒரு ஸ்டாப்பும், நான்குக்கு இரண்டும், எட்டுக்கு மூன்றும் குறைத்தால் கணக்கு சரியாகும். ஒற்றைப் பதிவுக்கு 1/60 நொடி தேவைப்படும் இடத்தில், நான்கு பதிவுகளில் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 1/250 நொடி போதும். வெளுத்த வானத்தின்மேல் இரண்டாம் காட்சி ஒட்டாது, கருத்த இடத்திலோ முழுமையாகப் பதியும் என்பதும் இக்கூட்டலின் விளைவே. எனவே வானத்தின் எதிரே கருநிழலாக நிற்கும் மரத்தை முதலில் எடுத்து, பின்னர் பெரணி இலையொன்றை மிக அண்மையிலிருந்து பதித்தால், மரத்தின் கோட்டுருவத்துக்குள் மட்டும் பச்சைச் சிற்றிலைகள் வரிவரியாக நிறைந்து நிற்கும்.

டிஜிட்டல் கேமராக்கள் இந்தக் கூட்டலோடு வேறு வழிகளையும் சேர்த்தன. 2012இல் வந்த கேனான் 5டி மார்க் 3, இரண்டு முதல் ஒன்பது படங்கள் வரை இணைப்பதுடன், ஒவ்வொரு புள்ளியிலும் மிக இருண்ட பதிவை மட்டும் தக்கவைத்துக்கொள்ளும் முறையையும் கொண்டது. இலையுதிர்ந்த காட்டின் மெல்லிய சுள்ளிகள் வானத்தில் கரைந்துபோகாமல் காப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

இதற்கு நெருங்கிய உறவுடையது, கனடாவின் மைக்கேல் ஆர்ட்டன் 1980களில் கையாண்ட முறை. கூர்மையான ஸ்லைடு ஒன்றையும் ஃபோகஸ் விலகிய ஸ்லைடு ஒன்றையும் அவர் ஒட்டிவைத்தார். ஒளி இரண்டையும் ஊடுருவ வேண்டியிருப்பதால், இங்கே கணக்கு தலைகீழாகி, இரண்டுமே கூடுதல் ஒளியில் எடுக்கப்பட்டன. இலைகளின் விளிம்பு தெளிவாக இருக்க, அவற்றைச் சுற்றி மென்மையான ஒளிர்வு படர்ந்தது.

காட்டலோனியாவில் பிறந்த பெப் வென்டோசாவின் வழி மேலும் துணிவானது. ஒரு மரத்தை வலம் வந்து, அடிமரம் சட்டகத்தின் நடுவே நிற்குமாறு பல படங்கள் எடுத்து, அவற்றை ஒளிபுகும் அடுக்குகளாகக் கணினியில் இணைக்கிறார். நேரான அடிமரம் திண்மையாக நிலைக்கப் பின்னணி தூரிகைத் தீற்றல்களாகக் கரைகிறது. சாய்ந்த மரத்தை இவ்வாறு எடுத்தாலோ, அது கோணத்துக்கொரு பக்கம் சாய்ந்து விசிறிபோல் விரிந்துவிடும்.