களம் விட்ட பின்னும்

தச்சர் அறுபது வயதிலும் உளி பிடிக்கிறார். ஆசிரியருக்கு வயது ஏற ஏறத் தெளிவு கூடுகிறது. விளையாட்டு வீரருக்கோ முப்பத்தைந்து வயதே முதுமை. மற்றவர்கள் தம் தொழிலில் நிலைபெறும் வேளையில், அவர் தம் தொழிலை இழந்து நிற்கிறார். அதன்பின் அவர் செய்வது என்ன? இக்கேள்வியை மனத்தில் கொண்டு, இங்கிலாந்து நாட்டு ரக்பி வீரர் ஷான் எட்வர்ட்ஸின் வாழ்வை நாம் நோக்குவோம்.

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் தரையில் பதிப்பதே ரக்பி ஆட்டம். அவ்வாறு பதிப்பது ‘டிரை’ எனப்படும். பந்து ஏந்தி வருபவரை எதிரணியினர் கட்டிப் பிடித்து வீழ்த்தலாம். இவ்வாட்டம் இருவகைப்படும். வட இங்கிலாந்தில் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தவர்கள், ஆட்டத்துக்காக வேலையை விட்டால் அந்நேரக் கூலியை இழந்தனர். அதனை ஈடுசெய்ய வேண்டுமென்ற கோரிக்கை மறுக்கப்படவே, 1895-இல் வடபகுதிக் கழகங்கள் பல தனியே பிரிந்தன. அவற்றிலிருந்து வளர்ந்த பதின்மூவர் ஆட்டமே ‘ரக்பி லீக்’. பதினைவர் ஆடும் ‘ரக்பி யூனியன்’ 1995-இல்தான் வீரர்களுக்கு வெளிப்படையாக ஊதியம் வழங்க இசைந்தது.

எட்வர்ட்ஸ் 1966-இல் விகன் நகரில் பிறந்தார். அவர்தம் தந்தை ஜாக்கியும் ரக்பி லீக் வீரரே. வாரிங்டன் அணிக்கு ஆடியவர். முதுகெலும்பில் ஏற்பட்ட காயம் 24 வயதிலேயே அவரது ஆட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆட்டம் ஒருவருக்குத் தருவதையும் அவரிடமிருந்து பறிப்பதையும் அறிந்த அந்த இல்லத்திலேயே மகன் வளர்ந்தார். விகனில் புனித ஜான் ஃபிஷர் கத்தோலிக்கப் பள்ளியில் பயின்ற அவர், இருவகை ரக்பியிலும் இங்கிலாந்துப் பள்ளி மாணவர் அணிகளுக்குத் தலைமை தாங்கினார். 1983-இல், தம் பதினேழாம் பிறந்த நாளன்று, விகன் கழகத்தில் ஒப்பந்தமானார்.

1988 முதல் 1995 வரை, தொடர்ந்து எட்டு ஆண்டுகள், விகன் அணி சேலஞ்ச் கோப்பையை வென்றது. எட்டு இறுதியாட்டங்களிலும் எட்வர்ட்ஸ் ஆடினார். 1988-இல் அணித்தலைவராகக் கோப்பையை ஏந்தியபோது அவருக்கு வயது 21. 1990-இல், தந்தையின் பழைய அணியாகிய வாரிங்டனை எதிர்த்த இறுதியாட்டத்தின் தொடக்கத்திலேயே அவரது கன்ன எலும்பும் கண்குழி எலும்பும் முறிந்தன. ஆயினும் அவர் களத்தை விட்டு அகலவில்லை. அத்துணிவை உலகம் போற்றியது. பெற்றோராகிய நாமோ, முறிந்த எலும்போடு ஆடுவதை நம் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டத் துணிய மாட்டோம்.

2000-ஆம் ஆண்டில் அவரது ஆட்ட வாழ்வு முடிவுற்றது. மறு ஆண்டே இலண்டன் வாஸ்ப்ஸ் கழகம் அவரைப் பயிற்சியாளராக ஏற்றது. அதுவோ யூனியன் கழகம். அவர் தொழில்முறையாக ஒருநாளும் ஆடாத ஆட்டம். அவ்வாறிருந்தும் அவரிடம் கொடுப்பதற்கு ஒன்று இருந்தது. லீக் ஆட்டத்தில், ஒவ்வொரு முறை எதிரியை வீழ்த்திய பின்னும் தற்காப்பு அணி பின்வாங்கி, மீண்டும் வரிசையாக நிற்க வேண்டும். அவ்வரிசை ஒழுங்கையே அவர் கற்பித்தார். எதிரி வரட்டும் என்று காத்திராமல், அனைவரும் ஒரே கோடாக முன்னோக்கி விரைந்து அவனுக்கு இடமின்றிச் செய்வதே அம்முறை. ஒருவர் பின்தங்கினாலும் இடைவெளி விழும். ஒருவர் தனியே முந்தினாலும் விழும்.

2003-இல் அவருடைய இளைய சகோதரர், தாமும் விகன் வீரரான பில்லி ஜோ, 20 வயதில் கார் விபத்தில் மாண்டார். அத்துயரைச் சுமந்துகொண்டே எட்வர்ட்ஸ் தம் பணியைத் தொடர்ந்தார். வாஸ்ப்ஸ் அணி 2003, 2004, 2005 ஆண்டுகளில் இங்கிலாந்தின் வாகையர் பட்டத்தையும், 2004, 2007 ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையையும் வென்றது.

2007 உலகக் கோப்பையின் முதற்சுற்றோடு வெளியேறிய வேல்ஸ் அணி, அடுத்த ஆண்டு அவரைத் தற்காப்புப் பயிற்சியாளராக அமர்த்தியது. அவ்வாண்டின் ஆறு நாடுகள் போட்டியில் ஐந்து ஆட்டங்களிலும் வேல்ஸ் வென்றது. எதிரணிகள் அனைத்தும் சேர்ந்து அவ்வணிக்கு எதிராகப் பதித்த டிரைகள் இரண்டே! 2012-இலும் 2019-இலும் இவ்வாறே முழுவெற்றி கிட்டியது. பின்னர் பிரான்சு அணியில் சேர்ந்தார். 2022-இல் அந்நாடும் அவ்வாறே வென்றது.

தாக்கி ஆடிப் புகழ்பெற்றவர், காத்து நிற்கக் கற்றுக்கொடுத்துப் பெயர் பெற்றார் என்பதே நாம் இங்குக் கருதத்தக்கது. பயிற்சியாளரின் உழைப்பு எண்ணிக்கைப் பலகையில் ஏறுவதில்லை. எதிரணி பதிக்காமற்போன டிரைகளே அவரது வெற்றி. நம் இல்லங்களிலும் ஆடி ஓய்ந்த கால்கள் உண்டு. பரிசுக் கோப்பைகள் அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன. கோப்பையைப் பிறருக்குப் பகிர்ந்து கொடுக்க இயலாது. அதனை வென்ற வித்தையைக் கொடுக்கலாம். தெருமுனைத் திடலில் ஒரு சிறுவன், அதைத் தனக்குச் சொல்லித்தருவார் ஒருவர் வருவாரா என்று காத்திருக்கிறான்.