பாவ அறிக்கையும் ஐந்தில் ஒரு பங்கும்

ஞாயிறு ஆராதனையில் நாம் பாவ அறிக்கை செய்கின்றோம். எல்லோரும் ஒரே குரலில் சொல்வதால் அது சுலபம். அயலவரின் காணிக்குள் வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டவரும் அதே சொற்களைச் சொல்லிவிட்டு வீடு திரும்புகின்றார். மனச் சமாதானம் மட்டும் கிட்டுவதில்லை.

எண்ணாகமம் 5ஆம் அதிகாரம் இதைப் பற்றிப் பேசுகின்றது. பிறருக்குத் தீங்கு செய்தவர் தம் குற்றத்தை அறிக்கையிட்டு, எடுத்ததை முழுமையாகத் திருப்பிக் கொடுத்து, அதன் ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டிக் கொடுக்க வேண்டும். ஏமாற்றி எடுத்தது ஐந்து புசல் நெல்லாயின் ஆறு புசலாகக் கொடுக்க வேண்டும். லேவியராகமம் 6ஆம் அதிகாரத்திலும் முதலில் உரியவருக்குக் கொடுப்பதும் அதன்பின் பலியும் சொல்லப்படுகின்றன.

இதனை யாத்திராகமம் 22உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். களவெடுத்த ஆடு உயிருடன் அகப்பட்டால் திருடன் இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும். அதைக் கொன்றிருந்தால் அல்லது விற்றிருந்தால் நான்கு மடங்கு. பிடிபட்டவனுக்கு இவ்வளவு பாரம். தானாக வந்து ஒப்புக்கொள்பவனுக்கோ ஐந்தில் ஒன்று மாத்திரமே. குற்றவாளி திரும்பி வரும் வழியை நியாயப்பிரமாணம் வேண்டுமென்றே இலகுவாக்கி வைத்திருக்கின்றது என்றே நான் விளங்கிக்கொள்கின்றேன்.

எரிகோவின் ஆயக்காரர் தலைவன் சகேயு எவரிடமும் பிடிபடவில்லை. இயேசு அவன் வீட்டில் தங்க விரும்பினார், அவ்வளவுதான். அவனோ ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகவும் கொடுக்க முன்வந்தான். ஆட்டுத் திருடனுக்குரிய தண்டத்தைத் தானே தனக்கு விதித்துக்கொண்டான்! இங்கே வரிசையைக் கவனிக்க வேண்டும். இயேசு அவனைப் பெயர் சொல்லி அழைத்தது முதலில். பணக்கணக்கு வந்தது பிறகு. மன்னிப்பு விலைக்கு வாங்கப்படவில்லை. ஐந்தில் ஒரு பங்கு கடவுளுக்குரிய கட்டணமன்று, அயலவரின் நட்டத்திற்கானது.

நெல்லையும் பணத்தையும் அளக்கலாம். கெடுத்த பெயரை எப்படி அளப்பது? சங்கக் கூட்டத்தில் பொருளாளரைப் பற்றிப் பொய் சொன்னவர், பின்னர் அவரது வீட்டுக்கு இரவில் தனியே சென்று மன்னிப்புக் கேட்டால் போதாது. அதே கூட்டத்தில் எழுந்து, தாம் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். இது ஆறு புசல் நெல்லிலும் கடினமானதே.

பாதிக்கப்பட்டவர் உடனே மன்னிக்காமலும் இருக்கலாம். திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று அவரை நெருக்க எமக்கு உரிமையில்லை. அவருக்குக் காலம் வேண்டும்.

உரியவர் உயிருடன் இல்லாவிட்டால்? எண்ணாகமம் அதையும் மறக்கவில்லை. நெருங்கிய உறவினரிடம் கொடுக்கலாம். அப்படியொருவரும் இல்லையெனில் அது கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும். எடுத்தவரின் வீட்டில் மட்டும் அது தங்க இடமில்லை.