"விழுந்துட்டான் சார்"

அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில், இரவு பத்தரை மணிக்கு அப்படிச் சொன்னவர் அடிபட்ட பையனின் பெரியப்பா. "வீட்டுச் சுவத்துல இருந்து விழுந்துட்டான் சார்."

பையனுக்கு 22 வயது. பெயிண்ட் அடிக்கும் வேலை. திருவிழாவில் பைக் நிறுத்திய இடத்தில் தொடங்கிய பேச்சு உருட்டுக்கட்டையில் முடிந்தது. இடது தோளுக்குக் கீழே எலும்பு முறிந்து கை தொங்கியது. சேதி கேட்டு நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் எழுதி முடித்திருந்தார்கள். பெரியப்பாவைத் திட்டத்தான் வாய் வந்தது. பிறகுதான் தெரிந்தது, அவர்களை ஏற்றிவந்த கார் ஊர்க்காரர் ஒருவருடையது. அவரும் கூடவே நின்றிருந்தார். மறுநாள் காலை பெரியப்பா வரப்பு வெட்டப் போக வேண்டியதும் அவர் வயலுக்குத்தான்.

பணி மருத்துவர் எழுதும் அந்தப் பதிவுக்கு ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் என்று பெயர். சுருக்கமாக ஏ.ஆர். யார் அடித்தது, எத்தனை பேர், தெரிந்தவர்களா, எதனால் அடித்தார்கள், எங்கே, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் வரும். அடிபட்டவர் சொல்வதை மருத்துவர் எழுதுகிறார். அவர் பேசும் நிலையில் இல்லையென்றால் உடன்வந்தவர் சொல்வதை. பெரும்பாலும் காவல் நிலையத்துக்குப் போகும் முன்பே எழுதப்படுவதால் நீதிமன்றத்தில் அதற்கு மதிப்பு அதிகம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் புரட்டுவதும் அதைத்தான். புகாரில் நான்கு பேர், ஏ.ஆரில் இரண்டு பேர் என்றிருந்தால் அதை வைத்தே குறுக்கு விசாரணை ஓடும். 'விழுந்தான்' என்றே இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது காயச் சான்றிதழ். சாதாரண காயமா, கொடுங்காயமா என்று அதில் மருத்துவர் குறிப்பார். எலும்பு முறிந்தால் கொடுங்காயம். அடிபட்டவர் 15 நாள் கடும் வலியோடு கிடந்தாலோ, வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயம்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது; 2024 ஜூலை 1 முதல் 15 நாள்.

இந்த 15 நாள் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வரும். மாதச் சம்பளக்காரருக்கு மருத்துவ விடுப்பு இருக்கிறது. கூலிக்காரர் ஆறாம் நாளே தையல் பிரிக்காத காலோடு செங்கல் சுமக்கிறார். "வேலைக்குப் போறான் பாருங்க, இது என்ன பெரிய காயம்" என்பார்கள். அடுப்பெரிய வேண்டும் என்பதற்காகப் போன வேலை, காயத்தையே சிறியதாக்கிவிடுகிறது. இன்னொன்று, எலும்பு முறிந்தால் நேரே புத்தூர் கட்டுக்குப் போவது. குறை சொல்ல மாட்டேன், என் அம்மாவின் மணிக்கட்டு அந்தக் கட்டில்தான் கூடியது. ஆனால் அடிதடியில் முறிந்த எலும்புக்கு எக்ஸ்ரே இல்லையென்றால், வழக்கைப் பொறுத்தவரை அந்த எலும்பு முறியவே இல்லை.

எம்.ஏ. படிக்கும்போது விழுப்புண் பற்றி ஐந்து பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். மார்பில் பட்டால் பெருமை, முதுகில் பட்டால் இழிவு என்பது புறப்பாடல் காலத்துக் கணக்கு. எங்கள் காலனியில் எந்தக் காயத்தையும் யாரும் வெளியே காட்டுவதில்லை.

2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் வீடு புகுந்து வெட்டப்பட்ட பள்ளி மாணவரையும் தங்கையையும் நாடே பார்த்தது. அமைச்சர்கள் வந்தார்கள், நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்தது. அதெல்லாம் நடந்தே ஆக வேண்டியவை. கேமரா வராத காயங்களைப் பற்றித்தான் என் கவலை.

அவற்றுக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. வன்கொடுமைப் புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது. விதிகளின்படி உடனடி நிவாரணம் 7 நாளுக்குள் வர வேண்டும். மருந்து, சிறப்பு மருத்துவ ஆலோசனை, ரத்தம், மாற்றுத் துணி, சாப்பாடு, பழம் வரைக்கும் ஆன செலவை மாவட்ட நிர்வாகம் திருப்பித் தர வேண்டும். விசாரணைக்குப் போகும் நாளுக்கு, விவசாயக் கூலிக்கான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாமல் படி உண்டு. பழம் வாங்கிய ரசீதை யார் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். வைக்கத்தான் வேண்டும். உதவி எண் 14566.

உடல் ஊனமானால் நிவாரணம் சதவீதக் கணக்கு. மத்திய அரசின் 2016 விதிப்படி 50 சதவீதத்துக்குக் கீழே என்றால் 2.5 லட்சம், அதற்கு மேல் 4.5 லட்சம், முழு ஊனம் என்றால் 8.25 லட்சம். 2021இல் தமிழக அரசு உச்ச அளவை 12 லட்சமாக உயர்த்தியது. பாதித் தொகை மருத்துவ அறிக்கை வந்ததும், மீதி குற்றப்பத்திரிகை போனதும். எல்லாம் மறுபடியும் அந்த முதல் இரவின் காகிதத்தில்தான் போய் நிற்கிறது.

நம் பையனுக்குப் பிளேட் வைத்தார்கள், காசில்லாமல். மருத்துவர் நல்ல மனிதர். "பயிற்சி விட்டுடாதே தம்பி, கை இறுகிடும்" என்று மூன்று முறை சொன்னார். பிசியோதெரபிக்கு மாவட்டத் தலைநகரம் போக வேண்டும். இரண்டு பேருந்து, உடன்போகும் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி இழப்பு. மூன்று முறை போனான், நின்றுவிட்டான். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும். காலனிக்குச் சர்க்கரை மாத்திரையோடு வரும் தன்னார்வலரிடம் அதைக் கேட்கலாம் என்று எனக்கே அப்போது தோன்றவில்லை. இன்று அவன் கை தோளுக்கு மேல் எழாது. சுவரில் பாதி உயரம் வரைதான் அடிக்கிறான், மேலே வேறு ஆள்.

மூன்றாம் நாள் புகார் கொடுக்கப் போனோம். ஆய்வாளர் ஒன்றும் பேசாமல் ஏ.ஆர். நகலை மேசையில் எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். எஸ்.பி. அலுவலகத்துக்கு மனு மேல் மனு போட்டு வழக்குப் பதிய இரண்டு மாதம் ஆனது. இன்னும் நடக்கிறது.

போன மாதம் பக்கத்துக் காலனியில் ஒருவருக்கு மண்டை உடைந்தது. 108இல் பெரியப்பாவும் ஏறிக்கொண்டார். மருத்துவர் பேனாவை எடுப்பதற்குள் முந்திக்கொண்டு சொன்னாராம்: "சார், அடிச்சிருக்காங்க. நாலு பேரு. பேரு சொல்றேன், எழுதிக்குங்க."