சத்தம் கேட்கலைன்னா ஆபத்து இல்லையா?

அமெரிக்காவின் வர்ஜீனியாவில், பொடோமாக் ஆற்றங்கரையில் டால்கிரென்னு ஒரு கடற்படைத் தளம் இருக்கு. 1918-லிருந்து பீரங்கிகளை அந்த ஆற்றுப் பக்கமே சுட்டுச் சோதிக்கிறாங்க. சில நாள் தூரத்து வீட்டு ஜன்னல்கூட அதிரும். மேலே சூடான காற்று அடுக்கு நின்னா, அது சத்தத்தைக் கீழே வளைச்சு அனுப்பிடும். சத்தம் பெருசா சின்னதாங்கிறது வானிலையைப் பொறுத்தது.

அதனாலதான் சொல்றேன், படகுல போறவங்க காதை நம்பக்கூடாது. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். பீரங்கிக் குண்டு அதைவிட இரு மடங்கு வேகத்துல கிளம்பும். சத்தம் வர்றதுக்கு முன்னாடியே குண்டு வந்துடலாம்! வரைபடத்துல அபாயப் பகுதி எதுன்னு பாருங்க. ரேடியோவில் 16-ம் சேனலைக் கேட்டுட்டே இருங்க. காவல் படகு நிறுத்தச் சொன்னா, நிறுத்திடுங்க.