பத்தியை மாற்றுமுன்: தரவுத்தளத்தில் நேரும் பிழைகளும் பரிகாரமும்

இந்தியாவின் மழைமானி நிலையங்களில் நாள்தோறும் காலை 8-30 மணிக்கு மழையளவு குறிக்கப்படுகிறது. முன்பு பதிவேடுகளில் மட்டுமே இருந்த இத்தகைய கணக்குகள் இன்று கணிப்பொறியின் தரவுத்தளங்களில் அட்டவணைகளாகச் சேமிக்கப்படுகின்றன. வரிசைகளும் பத்திகளும் கொண்ட இவ்வமைப்புக்கு 1970-ஆம் ஆண்டில் அடிப்படை வகுத்தவர் எட்கார் காட் என்னும் அறிஞர். ஒவ்வொரு பத்திக்கும் எழுத்து, எண், தேதி என ஒரு வகை உண்டு. தேவை மாறும்போது அவ்வகையையும் மாற்ற நேரிடுகிறது. மாற்றக் கட்டளைகளை ஸ்கிரிப்ட் எனப்படும் தொடராக எழுதி ஒருசேர இயக்குவது வழக்கம். அத்தொடர் இடையில் நின்றுவிட்டால் செய்ய வேண்டுவது யாது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம்.

ஓர் அட்டவணையில் மழையளவுப் பத்தி எழுத்து வகையாக அமைந்திருப்பதாகக் கொள்வோம். அதில் 12.4 போன்ற எண்களோடு 'சுவடு' என்ற சொல்லும், சிறு கோடும், வெற்றிடமும் கலந்திருக்கும். மாத மொத்தம் காண்பதற்காக இப்பத்தியை எண் வகையாக மாற்றுமாறு ‘ஆல்டர் டேபிள்’ கட்டளை இடப்படுகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், எழுத்தை எண்ணாக்கும் விதியைத் தெளிவாகக் கூறினாலன்றி இதை ஏற்காது. விதியைக் கூறினாலும், எண்ணாக மாற இயலாத முதற்பதிவைக் கண்டவுடன் நின்றுவிடும்.

இவ்வாறு நிற்பது தீமையன்று, நிற்காமற்போவதே தீமை. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் கண்டிப்பு முறை நடைமுறையில் இல்லாவிடில், வெற்றிடம் ஓர் எச்சரிக்கையோடு மட்டும் பூஜ்யமாகிவிடும். 2015-இல் வெளிவந்த 5.7-ஆம் பதிப்பு முதல் கண்டிப்பு முறையே இயல்பாக அமைந்துள்ளது. பிழைச் செய்தியிலிருந்து தப்புவதற்காக அதை நீக்கிவிடுவது பெருந்தவறு. மழை பெய்யாத நாளும், மழையை அளக்காத நாளும் ஒன்றல்ல. ஊழியர் நோயுற்றிருந்த ஒரு வாரம் வறண்ட வாரமாகப் பதிவாகிவிட்டால், வறட்சி பற்றிய முடிவே பிழைபடக்கூடும். ஆகவே அளக்காத நாளுக்குப் பூஜ்யம் இடாமல், ‘நல்’ எனப்படும் மதிப்பற்ற குறியை இட வேண்டும். ‘சுவடு’ என்பதைத் தனியொரு பத்தியில் காத்தல் நலம்.

இரண்டாவது வகைப் பிழை அளவைப் பற்றியது. சாதாரண முழு எண் பத்தி 2,14,74,83,647 வரையிலான எண்ணையே கொள்ளும். இந்தியாவின் பத்து இலக்கக் கைப்பேசி எண்கள் 6 அல்லது அதற்கு மேற்பட்ட இலக்கத்தில் தொடங்குவதால் அதில் அடங்கா. கூட்டவும் கழிக்கவும் வேண்டாத இத்தகைய எண்களை எழுத்து வகையிலேயே விட்டுவிடுவது நன்று. நிலையக் குறியீட்டின் முன்னிற்கும் பூஜ்யங்களும் அப்போதுதான் அழியாமல் இருக்கும்.

மூன்றாவது வகை, பாதியில் நின்ற ஸ்கிரிப்டை மறுமுறை இயக்குவதால் விளைவது. முதற் கட்டளை முன்பே நிறைவேறியிருப்பதால், ‘இப்பத்தி ஏற்கெனவே உள்ளது’ என்ற புதிய செய்தி தோன்றி உண்மைக் காரணத்தை மறைத்துவிடும். எனவே முதன்முதல் தோன்றிய செய்தியையே ஆராய வேண்டும். போஸ்ட்கிரெஸில் இத்தகைய கட்டளைகளை ஒரே பரிவர்த்தனைக்குள் அடக்கினால், ஒன்று தவறினும் யாவும் பழைய நிலைக்குத் திரும்பும். மைஎஸ்கியூஎல்லில் அமைப்பு மாற்றம் ஒவ்வொன்றும் உடனுக்குடன் உறுதியாகிவிடுவதால் அவ்வாறு திரும்ப இயலாது. எஸ்கியூலைட்டிலோ பத்தியின் வகையை மாற்றும் நேரடிக் கட்டளையே இல்லை. புதிய அட்டவணை அமைத்து, தரவுகளை அதில் படியெடுக்க வேண்டும்.

எத்தரவுத்தளமாயினும் பாதுகாப்பான முறை ஒன்றே. முதலில் முழுப் பிரதி எடுத்து, அது திறக்கிறதா எனச் சோதிக்க வேண்டும். அடுத்து, எண்ணாக மாறாத பதிவுகளைப் பட்டியலிட்டு, மூலப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். பின்னர்ப் பழைய பத்தியைத் தொடாமல் புதிய பத்தியொன்றைச் சேர்த்து, மதிப்புகளை அதில் மாற்றி எழுத வேண்டும். எண்ணுள்ள பதிவுகள், வெற்றிடங்கள், சுவடுகள் ஆகியவற்றை இரு பத்திகளிலும் தனித்தனியே எண்ணிப் பார்த்து, கணக்கு ஒத்த பின்னரே பழையதை நீக்கலாம்.

மாணவர்களுக்கு இதனைக் கற்பிக்கும் ஆசிரியர், பத்து வரிசை கொண்ட சிறு அட்டவணையில் ஒரு வெற்றிடத்தை வேண்டுமென்றே வைத்து, மாற்றத்திற்குப் பின் அது என்னவாயிற்று என்று கேட்கலாம். களத்தில் ஒருவர் உழைத்து எழுதிய குறிப்பு, அது வெற்றிடமாயினும், தன் பொருள் மாறாமல் நிலைக்க வேண்டும் என்பதை அச்சோதனை உணர்த்தும்.