பளபளப்பைத் தாங்கும் எழுத்து

விசிட்டிங் கார்டுக்கு எழுத்துரு தேடுகிறவர்கள் பெரும்பாலும் கணினித் திரையிலேயே ஜோடி சேர்த்துவிடுகிறார்கள். பெயருக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று. இரண்டும் அருகருகே பொருந்தினால் வேலை முடிந்தது. சாதாரண ஆஃப்செட் அச்சுக்கு இது போதும். தங்க ஃபாயில், எழுத்தை மேடாக்கும் எம்பாஸிங், குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வார்னிஷ் பூசும் ஸ்பாட் யு.வி. என்று ஏதாவது சேர்ந்தால் வரிசையைத் திருப்ப வேண்டும்: முதலில் வேலைப்பாடு, பிறகு அதைத் தாங்கும் எழுத்து, கடைசியில்தான் துணை எழுத்து.

காரணம் இயந்திரத்தில் இருக்கிறது. ஃபாயிலில் மை கிடையாது. எழுத்தை மேடாகச் செதுக்கிய உலோக பிளாக்கை நன்றாகச் சூடாக்கி, பாலியெஸ்டர் படலத்தின் மேல் அழுத்துகிறார்கள். சூடு பட்ட இடத்தில் பசை இளகி, படலத்திலிருந்த உலோகப் பூச்சு கழன்று காகிதத்தில் ஒட்டுகிறது. சூடு விளிம்போடு நிற்பதில்லை, சற்றே பரவும். எழுத்தின் உள்ளே இருக்கும் சிறு இடைவெளிகள் அதனால் அடைபடுகின்றன. மயிரிழைக் கோட்டுக்கு நேர்மாறான கஷ்டம்: சரியாக ஒட்டாமல் விட்டுவிட்டுத் தெரியும். 0.5 பாயின்ட் கோடு என்பதே சுமார் 0.18 மில்லிமீட்டர்தான், அதற்கும் கீழே போவது சூதாட்டம். எம்பாஸிங்கில் காகித நார் இழுபட்டு நுண்ணிய வளைவுகள் மழுங்கும். ஸ்பாட் யு.வி.யில் வார்னிஷ் இம்மி நகர்ந்தாலும் சின்ன எழுத்து இரட்டையாகத் தெரியும். தமிழுக்கு இதில் கூடுதல் சோதனை: ண, ஞ, இ போன்றவற்றின் சுழிகள்தான் முதலில் அடைபடும். ஆகவே ஃபாயிலில் தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால், கேட்டமரான், முக்தா மலர் போன்ற ஒரே சீரான கோடுடைய எழுத்துருவை நடுத்தரத் தடிமனில் எடுப்பது நல்லது. மிகத் தடித்ததை எடுத்தால் சுழி மறுபடி அடைபடும்.

எழுத்தையும் அச்சுமுறையையும் சேர்த்தே யோசிப்பது புதிதல்ல. பர்மிங்காமின் அச்சாளர் ஜான் பாஸ்கர்வில் 1757-இல் வெர்ஜிலின் கவிதைகளை அச்சிட்டபோது தன் எழுத்தின் மெல்லிய கோடுகளுக்காக மையைத் தானே தயாரித்தார். அச்சிட்ட தாள்களைச் சூடான தகடுகளிடையே அழுத்தி வழவழப்பாக்கினார். நம்மால் காகிதத்தையும் மையையும் அப்படி மாற்ற முடியாது. எழுத்தை மாற்றலாம்.

துணை எழுத்துக்கு வருவோம். செரிஃபுக்கு சான்ஸ்-செரிஃப் என்று எதிரெதிர் வடிவங்களைச் சேர்க்கச் சொல்வது பழைய பாடம். சாதாரணக் கார்டில் பெயரைத் தனித்துக் காட்ட அது உதவுகிறது. ஃபாயில் கார்டில் பளபளப்பே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அதற்கு மேல் வடிவ மோதலும் சேர்ந்தால் 9 சென்டிமீட்டர் அட்டையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்துவதுதான் மிச்சம். ஒரே குடும்பத்தின் இரண்டு தடிமன்களே பெரும்பாலும் போதும். வேறு எழுத்துரு வேண்டுமென்றால், ஆங்கிலத்தில் சிறிய எழுத்துகளின் உயரமும் தமிழில் உடல் உயரமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தொலைபேசி எண்ணைச் சாதாரண மையிலேயே விடுங்கள்.

இப்போது டிஜிட்டல் ஃபாயில் வந்துவிட்டதே, பிளாக் இல்லாமல் பாலிமர் வார்னிஷின் மேலேயே ஃபாயில் ஒட்டுகிறதே என்று கேட்கலாம். உண்மைதான், அதில் நுணுக்கம் கூடும். ஆனால் பிரச்சினையில் பாதி கண்ணில் இருக்கிறது. கார்டைச் சற்றுச் சாய்த்தால் பளபளத்த பெயர் கருமையாக மாறும். அந்த மாற்றத்தில் மெல்லிய கோடு, எந்த இயந்திரத்தில் அச்சானாலும், முதலில் காணாமல் போகும்.

அப்படியானால் எல்லாக் கார்டும் ஒன்றுபோல் ஆகிவிடாதா என்பது வலுவான கேள்வி. தடித்த, தட்டையான எழுத்துகளுக்குள் அடங்கிவிட வேண்டியதில்லை. மயிரிழைக் கோடுகள் கொண்ட போடோனி எழுத்துருவின் கம்பீரம்தான் வேண்டுமென்றால் ஐடிசி போடோனியைப் பாருங்கள்: 6, 12, 72 பாயின்ட் அளவுகளுக்கென மூன்று வடிவங்கள் உண்டு, 6-க்கான வடிவத்தில் மெல்லிய கோடுகள் வேண்டுமென்றே தடித்திருக்கும். அதையே 14 பாயின்ட்டுக்குப் பெரிதாக்கிப் பெயருக்குப் போட்டால் ஃபாயில் தாங்கும். முகம் போடோனியின் முகமாகவே இருக்கும்.